ஒட்டுப்பாலால் கட்டிய வால்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்து, ரப்பர் பால் வெட்டு மறுபடியும் தொடங்கிய வாரத்தில் நடந்தது இது. குலசேகரத்திலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில் எங்கள் வீடு. நான் பால் வெட்டுக்குப் போகிறவள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். இந்த விஷயத்தை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, திட்டுவார்களே என்ற பயம்தான். திட்டு வாங்க வேண்டிய காரியம்தான் செய்திருக்கிறேன், நீங்களும் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி ஒருமுறை லீவில் வந்தபோது, ஆசைப்பட்டு ஒரு டாபர்மேன் பெட்டை நாயை வாங்கினான். லீவு முடிந்ததும் அவன் விமானம் ஏறிவிட்டான், நாய் என் தலையில் ஏறிவிட்டது. பெயர் பிங்கி. கன்னங்கரேல் என்று இருக்கும், அது ஒரு பார்வை பார்த்தால் தபால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுவார். அதற்குப் போய் பிங்கி என்று பெயர் வைத்தது தம்பியின் மகள். எங்கள் பக்கத்தில் நாயைப் பட்டி என்றுதான் சொல்வோம், எனக்கும் அது வெறும் பட்டிதான். வாங்கும்போதே அதற்கு வாலை வெட்டியிருந்தார்கள். சோறு வைப்பேன், தின்னும். தண்ணீர் வைப்பேன், குடிக்கும். தெருநாய்கள்கூட என்னைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும்போது, இது மட்டும் ஒட்டாத ஜென்மமாக நிற்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. இப்படியே இரண்டு வருடம் போனது.

அது மூன்று குட்டி போட்டது. செய்தி கேட்டதும் தம்பி போனில் வந்துவிட்டான். அவனுடைய கூட்டாளிகள் ஏற்கெனவே குட்டி கேட்டு வைத்திருந்தார்களாம்.

"அக்கா, கண்ணு தெறக்கதுக்கு முன்னயே வால எடுத்திரணும், கேட்டியா. வாலு இருந்தா டாபர்மேன்னு ஒருத்தனும் நம்ப மாட்டான். நாட்டுப் பட்டியாக்கும்ணு சொல்லுவான்."

வழியையும் அவனே சொன்னான். ரப்பர் பேண்டை வாலில் இறுக்கிப் போட்டுவிட்டால் ரத்த ஓட்டம் நின்று, சில நாளில் வால் காய்ந்து தானாகவே விழுந்துவிடுமாம். பச்சைக் குட்டிக்கு வலி தெரியாதாம். எல்லாம் போனில் வீடியோ பார்த்து வந்த ஞானம்.

வீட்டில் ரப்பர் பேண்ட் இல்லை. கடைக்குப் போகச் சோம்பல். அதைவிட, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் குடியிருந்துகொண்டு ரப்பர் பேண்டுக்காகக் கடைக்குப் போவதா என்ற திமிர். மரத்தில் பால் வெட்டிய இடத்தில் மிச்சம் வழிந்த பால், காய்ந்து ஒரு நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வெட்டுக்கு முன்னால் அதை உரித்து எடுப்போம். ஒட்டுப்பால் என்று அதற்குப் பெயர். இழுத்தால் இழுபடும், விட்டால் சுருங்கும், ஒன்றின்மேல் ஒன்று பட்டால் பசைபோல ஒட்டிக்கொள்ளும். முடிச்சுகூடப் போட வேண்டாம். அதில் மெல்லியதாக ஒரு நாடாவை எடுத்து வந்து, பிங்கி முற்றத்தில் தின்றுகொண்டிருந்த நேரத்தில், இரண்டு குட்டிகளின் வாலில் அடியோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினேன். மூன்றாவது குட்டிக்குச் சுற்றும்போது நாடா அறுந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். குட்டிகள் கத்தின. வலி தெரியாது என்று தம்பி சொல்லியிருந்தானே, நான் கண்டுகொள்ளவில்லை.

பிங்கி உள்ளே வந்து குட்டிகளை முகர்ந்தது. உடனே அவற்றின் வாலைக் கடிக்கத் தொடங்கியது. பெற்ற குட்டியையே தின்னப் பார்க்கிறதே என்று எனக்குப் பதறிவிட்டது. அதன் மூக்கில் ஒன்று போட்டேன். மறுபடியும் கடித்தது. இழுத்துக்கொண்டு போய் முற்றத்து அயனி மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் அவிழ்த்துக் கொண்டுவந்து, அதன் தலையைப் பிடித்துக்கொள்வேன். நான் கொஞ்சம் அசந்தால் மறுபடியும் வாலில் வாயை வைக்கும். மற்ற நேரமெல்லாம் அது சங்கிலியை இழுத்துக்கொண்டு முனகும். "சவமே, வாய மூடு" என்று நானும் கத்துவேன்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து பார்த்தேன். ஒரு குட்டியின் வாலில் கட்டைக் காணோம். வால் லேசாகக் கோணியிருந்தது, மற்றபடி நன்றாக இருந்தது. இன்னொன்று தனியாக ஓரமாகக் கிடந்தது. பால் குடிக்கவில்லை. தூக்கினால் தலை தொங்கியது. வாலின் அடிப்பாகம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது, கிட்டப் போனாலே வாடை. நாடா சதைக்குள் இறங்கிவிட்டது. உரிக்கப் பார்த்தால் எது நாடா, எது தோல் என்றே தெரியவில்லை. மரத்துக்குக் காயம் படாமல் பால் எடுப்பதில் என் கையை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பெருமை பேசுகிறவள் நான். அந்தக் கையால் அன்றைக்கு ஒரு நாடாவை உரிக்க முடியவில்லை.

கணவர் ஆட்டோவை எடுத்தார். நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன். "ஏட்டி, கரையாத. குட்டிய நெஞ்சோட சேத்துப் பிடி, சூடு போவாண்டாம்" என்றார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கலாம். எதனால் கட்டினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். "ஒட்டுப்பாலா?" என்று நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாளே தவிர, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, நாடாவைத் துணுக்குத் துணுக்காக எடுத்தாள். வால் செத்துப்போயிருந்ததால் அதையும் எடுக்க வேண்டியதாயிற்று.

"எலும்பு வரைக்கும் போயிருக்கு அக்கா. பிழைக்குமாண்ணு இப்பம் சொல்ல முடியாது. தாய்ப்பால் உள்ள போனா ஒரு நம்பிக்கை உண்டு. ஆனா மருந்து வாடைக்குத் தாய் கிட்ட சேக்காம விட்டாலும் விட்டிரும்."

மற்ற குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தாள். ஒன்றின் கட்டு எங்கோ கழன்று விழுந்துவிட்டது என்றேன். தாய் வாலைக் கடித்ததையும், நான் சங்கிலி போட்டதையும் சொன்னேன். கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"அது வாலக் கடிக்கல்ல அக்கா. கட்ட அவுக்கப் பாத்திருக்கு. ஒண்ணுக்கு அவுத்துட்டுது. இதுக்கும் அவுத்திருக்கும், நீங்க கொண்டுபோய்க் கெட்டிப் போட்டுட்டிய."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அப்பம் ஊர் உலகத்துல எல்லாரும் எதுக்கு வால வெட்டுகாவ?" என்று கேட்டேன். அந்தக் காலத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் போகும் நாய்களுக்கு முள்ளில் வால் கிழியக்கூடாது, எதிராளி பிடித்து இழுக்கக்கூடாது என்று வெட்டினார்களாம். வாலை வெட்டினால் வெறிநோய் வராது என்றுகூட நம்பினார்களாம். "அதெல்லாம் போச்சு, வெட்டுக பழக்கம் மட்டும் போவல்ல. இப்பம் சும்மா பாக்கதுக்கு அழகுண்ணு வெட்டுகாவ. ஒங்க பட்டி எந்த வேட்டைக்குப் போவுது?" என்றாள்.

"அது கோழியக் கண்டாலே ஒதுங்கிப் போவும் டாக்டரே" என்றார் என் கணவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சங்கிலியை அவிழ்த்தேன். கடித்தால் கடிக்கட்டும் என்று குட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பிங்கி வந்தது. முதலில் என் கையை முகர்ந்தது, பிறகு குட்டியின் கட்டை முகர்ந்தது. என்னைப் பார்த்து அடித்தொண்டையில் உறுமியது. பிறகு குட்டியின் பிடரியைக் கவ்வி எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், நக்க ஆரம்பித்தது. மருந்து வாடையை அது பொருட்படுத்தவே இல்லை. ஆனால் குட்டிக்கு மடியைத் தேடிப் போகக்கூட சக்தியில்லை. யாராவது வாயைக் கொண்டுபோய்க் காம்பில் வைக்க வேண்டும். நான் கிட்டப் போனாலோ உறுமல்.

மறுநாள் வெட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். உறுமல் நின்றால் கொஞ்சம் நகர்வேன், உறுமினால் நின்றுவிடுவேன். "தப்பு எனக்க பேர்லதான் மக்களே, பிள்ளய மட்டும் குடிக்க விடு" என்று பெற்ற மகளிடம் பேசுவதுபோல அதனிடம் பேசிக்கொண்டே இருந்தேன். இரண்டு வருடத்தில் பேசாததை எல்லாம் அன்றைக்குப் பேசியிருப்பேன். இடையிடையே அது எழுந்து போகும் நேரத்தில், டாக்டர் சொன்னபடி மருந்து விடும் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டேன், பாதி வெளியில் வழிந்தது. மறுநாள் மத்தியானம் என் கை அதன் வயிற்றில் பட்டது. அது உறுமவில்லை. தலையைத் தரையில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. குட்டியை எடுத்துக் காம்பில் வாயை வைத்து, லேசாகப் பீய்ச்சினேன். முதல் சொட்டு வழிந்து போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது சொட்டுக்கு அந்தச் சின்ன நாக்கு அசைந்தது. பிறகு சப்புகிற சத்தம் கேட்டது. "குடிக்குது, குடிக்குது" என்று நான் போட்ட கூச்சலில், என் கணவர் பாம்பு வந்துவிட்டதோ என்று கம்போடு ஓடிவந்தார்.

குட்டி பிழைத்துக்கொண்டது. முழு வால் ஒன்று, கோண வால் ஒன்று, வாலில்லாதது ஒன்று என்று மூன்று விதமாகக் குட்டி வைத்திருக்கிறாயே என்று தம்பி போனில் குதித்தான். இனி இந்த வீட்டில் எதற்கும் வாலை வெட்டினால் உன் வாலை வெட்டிவிடுவேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டரிடம், தாய் மன்னித்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, அதற்கு ஆட்ட வால்கூட இல்லையே என்று கேட்டேன். "வாலு இல்லாட்டா என்ன அக்கா, இடுப்பப் பாருங்க" என்றாள்.

மறுநாள் வெட்டு முடிந்து வந்து கேட்டைத் திறந்தேன். பிங்கி எப்போதும்போல எதிரில் வந்து நின்றது. நான் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு விரல் நீளத்துக்கு மிச்சமிருந்த அந்த மொட்டைத்துண்டு இப்படியும் அப்படியும் துடித்துக்கொண்டிருந்தது. இடுப்பே கூடச் சேர்ந்து ஆடியது. நான் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுல என்ன அதிசயம்? நீ கேட்டத் தெறக்கும்ப எல்லாம் அது இப்பிடித்தானே ஆடும்" என்றார் அவர்.

அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு வருடம், ஒருநாள் தவறாமல், என்னைக் கண்ட சந்தோஷத்தை அது தன்னிடம் மிச்சமிருந்த இரண்டு விரல் வாலால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒட்டாத ஜென்மம் என்று நான் சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன்.