தப்பான டீமுக்கு இரண்டு வருஷம்

எந்த கிளப் என்று பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப்பேர் சிரிப்பார்கள். நீலச் சட்டை போட்டு ஆடுகிற ஒரு இங்கிலாந்து கிளப் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலூர் முதுநகரில் ஒரு மாடி போர்ஷனில் தனியாகக் குடியிருந்துகொண்டு, செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் பிளாண்டில் ஷிப்ட் பார்க்கிற நாற்பது வயது ஆபரேட்டருக்கு அந்த கிளப்போடு என்ன சம்பந்தம்? ஒரு மண்ணும் இல்லை. அந்த ஊர் மேப்பில் எங்கே இருக்கிறது என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

எங்கள் கேன்டீனில் கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஒருத்தர் முதன்முதலாக டிவியில் பார்த்த அன்றைக்கு அந்த டீம் கப் அடித்ததாம், அதோடு அப்படியே ஒட்டிக்கொண்டாராம். இன்னொருத்தருக்கு ஒரு ஆட்டக்காரனின் தலைமுடி பிடித்துப்போனதாம். இதெல்லாம் ஒரு காரணமா என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனால் என் காரணத்தைச் சொன்னால் அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். எனக்கு அந்த கிளப் வந்தது என் தம்பியின் வாட்ஸ்அப் படத்திலிருந்து.

தம்பி என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவன். அப்பா சீக்கிரமே போய்விட்டார், அம்மா போனபோது அவன் சிதம்பரம் அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்குகிற ஒரு லாட்ஜில் இருந்து படித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவன் படிப்பு முடிந்ததும் எங்கள் பிளாண்டிலேயே ஒரு டிரெய்னி வேலைக்குச் சொல்லி வைத்தேன். மேனேஜர் ரூம் வாசலில் நான் நின்ற நிற்பு எனக்குத்தான் தெரியும். இன்டர்வியூ அன்றைக்கு ஐயா வரவே இல்லை. போன் போட்டேன்.

“எனக்குப் புடிக்கல, உடு. உன்ன மாதிரி அந்த நாத்தத்துல கெடக்க என்னால ஆவாது” என்றான்.

நான் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். சட்டையில் சால்வன்ட் வாடை. நாலு பேர் சுற்றிலும் இருக்கிறார்கள். எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்.

“அந்த நாத்தத்துலதான்டா நீ படிச்ச. இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத. எங்கிட்டப் பேசவும் பேசாத.”

“சரி” என்றான். அவ்வளவுதான். ஒரே ஒரு “சரி.”

எங்கள் வீட்டில் யாருக்கு எது இல்லாவிட்டாலும் ரோஷத்துக்குக் குறைவில்லை. ஒரு வாரத்தில் இறங்கி வருவான் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனது. பொங்கலுக்கு வருவான் என்று நினைத்தேன். பொங்கல் போனது. படிப்பு முடிந்தும் அவன் அந்த லாட்ஜிலேயேதான் இருந்தான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒன்றேகால் மணி நேரம். பஸ் எங்கள் பிளாண்ட் வாசல் வழியாகத்தான் போகிறது, கையைக் காட்டினால் நிற்கும். நான் காட்டவில்லை. பெரியவன் நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று ஒரு வீம்பு. வீம்பைக் கட்டிக்கொண்டு ராத்திரிச் சோற்றுக்குத் தனியாக உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு இருந்ததெல்லாம் அவனுடைய வாட்ஸ்அப் படம் ஒன்றுதான். லாட்ஜ் மெஸ்ஸில் எடுத்தது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, வாயில் பரோட்டாவோடு, ஒரு தினுசாகச் சிரித்துக்கொண்டிருப்பான். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் ஒரு முறை, ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்ததும் ஒரு முறை அதைத் திறந்து பார்ப்பேன். ஒரு நாள் பெரிதாக்கிப் பார்த்தபோது சட்டையில் இருந்த எழுத்து தெரிந்தது. அதை அப்படியே போனில் அடித்துத் தேடினேன். கிளப் கிடைத்தது.

எனக்கு உடனே ஒரு யோசனை. மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. அவனுக்கும் வராது. ஆனால் ஃபுட்பாலைப் பற்றி ஒரு வார்த்தை அனுப்பினால் அது மன்னிப்பு இல்லையே! அந்த வாரம் நீலச் சட்டைக்காரர்கள் ஜெயித்தார்கள். “உன் டீம் ஜெயிச்சிடுச்சு போல. சூப்பர்டா” என்று அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. இருந்தாலும் பார்த்துவிட்டானே. அன்றைக்கு நான் குஸ்கா வாங்கி வந்து சாப்பிட்டேன்.

அதிலிருந்து வாராவாரம் அனுப்பினேன். ஜெயித்தால் வாழ்த்து. தோற்றால், “உடுடா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்.” பார்க்காமல் அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்து ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம்தான் ஆட்டம் இருக்கும். எனக்கு அன்றைக்கு மத்தியானம் போய் ராத்திரி திரும்புகிற பி ஷிப்ட் விழுந்தால் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அவருடைய ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை வேலை பார்க்க எவனுக்கும் பிடிக்காது. பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக மாற்றிக்கொண்டார்கள். “மச்சான், உனக்கு என்னா பைத்தியமா?” என்று கேட்டுக்கொண்டேதான் மாற்றுவார்கள்.

ஆரம்பத்தில் ஒன்றும் புரியவில்லை. ஆஃப்சைடு என்றால் என்ன என்று தெரியவே ஒரு மாதம் ஆனது. பிறகு எப்போது என்று தெரியாமல் உள்ளே போய்விட்டேன். அவர்களுடைய இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் காலொடிந்து எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். ஓடும்போது லேசாக இழுத்து இழுத்து ஓடுவான். அவன் காலுக்குப் பந்து போனாலே நான் சேரின் நுனிக்கு வந்துவிடுவேன். ஒரு ஆட்டத்தில் கடைசி நிமிஷத்தில் கோல் வாங்கித் தோற்றபோது நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். கீழ்வீட்டு அம்மா, “என்னா சார், ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டார். என்னத்தைச் சொல்வது?

இரண்டு வருஷம். ஒரு பதில் கிடையாது. ஆனால் டிக் மட்டும் தவறாமல் நீலமாகும். படமும் மாறவில்லை. நானும் அவனும் ஒரே நேரத்தில் ஒரே ஆட்டத்தைப் பார்க்கிறோம் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது. பிளாஸ்டிக் சேர் ஒன்றை டிவிக்கு எதிரில் போடுவேன். பக்கத்தில் இன்னொன்றையும் போடுவேன். வெட்கக்கேடுதான். போட்டேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் நீலத்துக்கும் அவர்களுடைய பரம விரோதியான சிவப்புச் சட்டை கிளப்புக்கும் ஆட்டம். நாங்கள் ஐந்து கோல் போட்டோம். அவர்கள் ஒன்றுகூடப் போடவில்லை. ஐந்தாவது கோலுக்கு நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் முதன்முறையாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். “டேய் தம்பி, அஞ்சுடா! அந்தச் செவப்புப் பசங்கள வச்சு செஞ்சுட்டாங்கடா! நம்ம டீம்டா!”

இரண்டு நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் படம் காணாமல் போய், வெறும் சாம்பல் வட்டம் வந்தது. படத்தை மாற்றுகிறானாக்கும் என்று காத்திருந்தேன். அடுத்த வாரம் அனுப்பியதற்கு ஒரே ஒரு டிக். அதற்கடுத்த வாரமும் அப்படியே. போன் கெட்டுவிட்டதோ, ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறி நம்பருக்குக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். “மச்சான், உன்ன பிளாக் பண்ணிட்டாங்க.”

அன்றைக்கு மத்தியானம் ஏ ஷிப்ட் முடிந்ததும் பிளாண்ட் வாசலில் சிதம்பரம் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினேன். வாடையோடுதான் போனேன். அண்ணாமலை நகர் லாட்ஜில் அவன் ரூமில் விருத்தாசலம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஆராய்ச்சி மாணவன், தம்பியோடு மூன்று வருஷம் ஒன்றாகத் தங்கியவன். நான் யாரென்று சொன்னதும் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டான்.

“அவன் மஸ்கட் போயி மூணு மாசம் ஆவுதேண்ணா. ஒங்ககிட்ட சொல்லலியா?”

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ரூமைச் சுற்றிப் பார்த்தேன். கொடியில் அந்த நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

“சட்டைய உட்டுட்டுப் போயிட்டானா?” என்றேன்.

“அது என்னுதுண்ணா.” அவன் ஒரு மாதிரி பார்த்தான். “அவன் செவப்பு டீமாச்சே. நீலம்னு சொன்னாலே எரிஞ்சு உழுவான்.”

பிறகு அவன் சொன்னதுதான் கதை. அந்த லாட்ஜில் ஒரு வழக்கமாம். தோற்ற டீமின் ஆள், ஜெயித்த டீமின் சட்டையை மாட்டிக்கொண்டு மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். போட்டோ எடுப்பார்கள். மறுபடி அவனுடைய டீம் அதே டீமை ஜெயிக்கிறவரைக்கும் அந்த போட்டோதான் அவன் வாட்ஸ்அப் படம். சிவப்பு ஜெயிக்கவே இல்லை. தோற்றார்கள், டிரா செய்தார்கள், மறுபடி தோற்றார்கள். நாடு விட்டுப் போன பிறகும் தம்பி படத்தை மாற்றவில்லை. சொன்னால் சொன்னதுதான். “பேசாத” என்று சொன்னதைக் காப்பாற்றியவன் இதைக் காப்பாற்ற மாட்டானா?

“நீங்க அனுப்புற மெசேஜ எல்லாம் எங்கிட்டக் காட்டுவான்ணா. ‘பாரு, எங்கண்ணன் வாராவாரம் என்ன வெறுப்பேத்துது’ன்னு.”

“சிரிப்பானா?”

“மொதல்ல சிரிச்சான்.” கொடியிலிருந்த சட்டையை எடுத்து மடித்தான். “அப்புறம் சிரிக்கல.”

இரண்டு வருஷமாகப் பாசம் என்று நினைத்து நான் அவன் புண்ணில் மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்திருக்கிறேன். “உன் டீம்”, “உன் டீம்” என்று வேறு! அந்தப் பையன் எதிரிலேயே அழுதுவிட்டேன். அவன் பதறிப்போய் டீ வாங்கி வந்தான். படத்தைப் பார்த்து நான் ஏமாந்ததை எல்லாம் கேட்டுத் தம்பிக்கு நீளமாக எழுதினான். பாவம், நல்ல பையன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது, அவனுக்குத்தான், எனக்கில்லை. “அது இப்ப எந்த டீம் பாக்குதுன்னு கேளு.”

சிவப்பு என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பையனே, “செவப்புன்னு போட்டுடவாண்ணா?” என்று கேட்டான். ஆனால் அந்த இழுத்து இழுத்து ஓடுகிறவன் ஞாபகத்துக்கு வந்தான். முடியவில்லை. ஒரு தடவை மாட்டிக்கொண்டால் விட முடிகிறதா?

“நீலம்னே போடு” என்றேன்.

அதற்குப் பதில் வரவில்லை. கடைசி பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன்.

மாசி மாதம் இரண்டு டீமுக்கும் மறு ஆட்டம். சனிக்கிழமை, ஆறு மணிக்கு. சிவப்பு ஜெயித்தால்தான் தம்பி அந்தப் படத்திலிருந்து விடுபடுவான். அதனால் நாங்கள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் பந்து எங்கள் கோல் பக்கம் போகும்போதெல்லாம் என் கை தன்னால் சேரைப் பிடித்துக்கொண்டது. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது சிவப்புக்குப் பெனால்டி கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அது பெனால்டியே இல்லை. அடித்தான், போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். நான் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. டிவியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்து கால் மணி நேரத்தில் லாட்ஜ் பையன் கூப்பிட்டான். “அண்ணா, அவன் லைன்ல இருக்கான். கான்ஃபரன்ஸ் போடவா?” நான் பதில் சொல்வதற்குள் போட்டுவிட்டான்.

முதலில் அங்கே ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது.

“ஒன் டீமு ஊத்திக்கிச்சு போல” என்றான் தம்பி. குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

“அது பெனால்டியாடா? கண்ணத் தொறந்து சொல்லு. அவன் தானா உழுந்தான்.”

“தானா உழுந்தானா? காலத் தட்டிவுட்டான், ஊரே பாத்துச்சு.”

“தட்டல. நான் நாலு தடவ பாத்தேன்.”

“நீ நாப்பது தடவ பாத்தாலும் அது பெனால்டிதான்.”

இப்படியே பதினோரு நிமிஷம். கத்தினோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். நடுவில் அவன் ஒரு முறை சிரித்தான், அம்மா சிரிக்கிற மாதிரியே இருந்தது. பிறகு, “எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு” என்றான். லைன் போய்விட்டது.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவன் அங்கே என்ன வேலை பார்க்கிறான் என்று நான் கேட்கவில்லை. எங்கே தங்கியிருக்கிறான், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, எப்போது வருவான், ஒன்றும் கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தேன். அதே சாம்பல் வட்டம். பிளாக்கை எடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.