ரப்பர்பேண்ட் போட்ட கேன்

என் ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ அவள் மேல் உயிரையே வைத்திருந்து, கை தவறி ஒன்று செய்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. என் கணவரின் தம்பி பெண்டாட்டி அவள். ஆறு வருஷமாக அவர்கள் மாடியில், நாங்களும் மாமியாரும் கீழே. ஒரே லாண்டரியில் வேலை, ஒரே ஷிப்ட். இத்தனை ஒட்டிக்கொண்டு இருக்கும்போது ஒருத்தியைப் பிடிக்காமல் போகப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். எனக்கு ஒரு கேன் போதுமாக இருந்தது.

அவள் கல்யாணமாகி வந்த மறுநாள் காலை எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். மகராசி ஃப்ரிட்ஜைத் திறந்தாள், ஒரு கேனை எடுத்தாள், டப்பென்று உடைத்தாள், நின்றபடியே குடித்தாள். டயட் சோடாவாம். சர்க்கரையே இல்லையாம். சர்க்கரை இல்லாமல் அப்புறம் எப்படி இனிக்கிறது என்று கேட்டேன். அதெல்லாம் வேற ஏதோ போடுவாங்க அக்கா என்றாள். அந்த "வேற ஏதோ" என் மண்டையில் அன்றைக்கே ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலம் நான்தான் அவளுக்கு டயட்டு என்று பெயர் வைத்தேன். ஒரு மாதத்தில் லாண்டரி முழுக்க அதுவே அவள் பெயராகிவிட்டது. அவள் எனக்கு வைத்த பெயர் ஸ்டீமு. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் ஸ்டீமு.

அவளுக்குப் பதினோரு வயதிலிருந்தே சுகர். தினம் நாலு வேளை வயிற்றில் ஊசி. கொழுந்தனுக்கு முன்பே தெரியும். எங்களுக்குத் தாலி ஏறிய பிறகுதான் சொன்னான். மறைத்துக் கட்டிவிட்டார்கள் என்று மாமியார் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். நானும் கூடச் சேர்ந்து தூக்கினேன். பேக்கிங்கில் இருக்கும் பெண்ணிடம் அவள் ஒருமுறை சொன்னாளாம்: பள்ளிக்கூடத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் எல்லாரும் கேக் தின்பார்களாம், இவள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாளாம். பதினைந்து வயதில் ஒரு மாமா இந்தக் கேனை வாங்கிக் கொடுத்தாராம். மற்றவர்கள் குடிக்கிற மாதிரி தானும் குடிக்கிற ஒரே சாமான் இதுதானாம். எனக்கு இது காதில் விழுந்தது. மனசில் விழவில்லை.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். நாலு பக்கமும் எலாஸ்டிக் வைத்த மெத்தை உறையை மடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. அவள் வந்த வாரமே கையை இரண்டு மூலைக்குள் விட்டு ஒரு திருப்பு திருப்பினாள், சதுரமாக உட்கார்ந்துவிட்டது. பதினாலு வருஷம் வேலை பார்த்தவள் நான் இருக்கும்போது, புதிதாக வரும் பெண்களை சூப்பர்வைசர் அவளிடம்தான் அனுப்பினார். வயிறு எரிந்தது எனக்கு. மறைக்க என்ன இருக்கிறது?

பெரிய பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் போய் வெளியே வரும் துணியை ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, விறைப்பாக இழுத்து, பாதியாக்கி, எதிரெதிரே நடந்து வந்து, அவள் மூலைகளை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு முறை அவள் விரல் என் விரலில் படும். உயரம் சரியாக இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்துவிட்டார் சூப்பர்வைசர். பேச்சு கிடையாது. எல்லாம் தாடையை ஆட்டிக் காட்டும் சைகைதான்.

பேச்செல்லாம் வீட்டில், அந்தக் கேனைப் பற்றி. போனில் யார் யாரோ அனுப்பியதை ராத்திரிச் சாப்பாட்டின்போது சத்தமாகப் படிப்பேன். டயட் சோடா குடித்தால் எலும்பு கரையும், கிட்னி போகும், மூளை சுருங்கும், குழந்தை தங்காது. கடைசியாகச் சொன்னதை மாமியார் இருக்கும்போது இரண்டு முறை படிப்பேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு மிடறு குடிப்பாள். போன வாரம் கிட்னின்னீங்க, இந்த வாரம் மூளையா, இப்படியே வரிசையா வந்தா காலுக்கு எப்போ வருவீங்க என்று கேட்பாள். கொழுந்தன் சிரித்துவிடுவான். எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் அவளோடு கிளினிக்குக்கே போனேன். துணைக்கு என்று பெயர். உண்மையில் புகார் கொடுக்கத்தான். சுகர் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான் சொன்ன அத்தனையும் பொறுமையாகக் கேட்டாள்.

"தண்ணி குடிச்சா அதைவிட நல்லது எதுவும் இல்லம்மா. ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு இது குடிக்கறதால இவங்களுக்கு இன்னது ஆகும்னு யாரும் உறுதியா நிரூபிக்கல. சில ஆராய்ச்சியில சந்தேகப்படறாங்க. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவங்கதான் இதை அதிகமா குடிக்கறாங்க, அதனால எது எதுக்குக் காரணம்னு பிரிச்சு சொல்ல முடியல. புளிப்பு இருக்கறதால பல்லுக்கு நல்லதில்ல. இவங்க விஷயத்துல நான் பயப்படறது வேற ஒண்ணுக்கு..."

பல்லுக்கு நல்லதில்லை என்றதுமே நான் அவள் பக்கம் திரும்பி, கேட்டியா என்றேன். நர்ஸ் இவளுக்குத்தான் பரிந்து பேசுகிறாள் என்று அப்புறம்தான் உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று வெளியே வந்துவிட்டேன். அந்த வேறு ஒன்று என்ன என்று கேட்க நான் அங்கே இல்லை.

லாண்டரியில் சாப்பிடும் அறையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் உண்டு. அதன் கீழ்த்தட்டு அவளுடையது. முன்னால் ஐந்தாறு டயட் கேன். பின்னால், சுவரை ஒட்டி, சிவப்பு ரப்பர்பேண்ட் போட்ட ஒரு கேன். அது சர்க்கரை போட்டது. அதே கம்பெனி, அதே அளவு, கிட்டத்தட்ட அதே நிறம்; டயட்டில் மட்டும் மேலே மெல்லிசாக ஒரு சாம்பல் கோடு. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊருக்கு முன்னால் சர்க்கரை இல்லாதது, ஒளித்துவைத்துக் குடிப்பது சர்க்கரை போட்டதா! பிடிபட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் அதே கேன் அங்கேயே குறையாமல் இருந்தது ஏன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அன்றைக்குக் காற்றாடி கெட்டுப்போயிருந்தது. உருளைக்கு முன்னால் நின்றால் உப்பு உடம்பில் பூக்கிற சூடு. பத்தரை மணி இடைவேளையில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். என்னுடையது எதுவும் இல்லை. ரப்பர்பேண்ட் கேனை எடுத்துக் குடித்தேன். சுகர் இருக்கிறவளுக்குச் சர்க்கரை கேன் எதற்கு, நான் குடித்தால் அவளுக்கு நல்லதுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். குடித்து முடித்ததும் பயம் வந்தது. ரப்பர்பேண்டைக் கழற்றி ஒரு டயட் கேனில் மாட்டி, பழையபடி சுவரோரமாகத் தள்ளிவைத்தேன். கேன்தானே, ஒன்று போனால் ஒன்று.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டாள். தட்டை எடுக்கப் போகும்போது சூப்பர்வைசர் வந்து, வண்டி நிற்கிறது, இந்த ஒரு டிராலியை மட்டும் முடித்துவிட்டுப் போங்கள் என்றார். முடிக்கப் போனோம். கால் மணி நேரத்தில் அவள் சாப்பாட்டு அறைக்கு ஓடிப்போய், ஒரு கேனைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வியர்வை. அங்கே யாருக்குத்தான் வியர்க்கவில்லை?

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் நிதானமா மடிக்கலாம். சரியாயிடும்" என்றாள்.

அவளாக என்னிடம் பேசியது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. நான் நிதானமாக்கவில்லை. வேண்டுமென்றே கையை வேகமாக்கினேன். இன்றைக்காவது என் வேகத்துக்குத் திணறட்டும் என்று இருந்தது. ஏழாவது ஷீட்டிலோ எட்டாவதிலோ எதிர்ப்பக்கம் தொய்ந்தது. ஒழுங்காப் பிடி என்றேன். துணி முழுக்க என் பக்கம் வந்துவிட்டது. அவள் டிராலியின் இரும்பு விளிம்பில் தலை மோதித் தரையில் கிடந்தாள்.

சுற்றிக் கூட்டம் கூடியது. அவள் கண் சொருகியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. நான் குனிந்தேன்.

"சுகர்... சுகர்..."

பேக்கிங் பெண் தன் டீ டம்ளரோடு ஓடி வந்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். டீ தரையில் கொட்டியது.

"அவளே சுகர்னு சொல்றா, காதுல விழலையா? சுகர் ஏறிக் கெடக்கறவளுக்கு இனிப்பைக் குடுத்துக் கொல்லப் பாக்கறியா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆமாம், ஆமாம், சுகர்காரி, இனிப்புக் காட்டக் கூடாது என்றார்கள். என் காலடியில் கிடந்தவள் இன்னொரு முறை அதே வார்த்தையைச் சொன்னாள். இன்னொரு முறையும் நாங்கள் அதையேதான் புரிந்துகொண்டோம். பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஆம்புலன்ஸில் வந்தவன் அவள் விரலில் குத்திப் பார்த்தான். முப்பத்தொன்று என்றான். இனிப்பாக ஏதாவது கொடுத்தீர்களா என்று நிமிராமலே கேட்டான். ஒரு சொட்டுகூடக் கொடுக்க விடவில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்தான்.

"குடுத்திருக்கணும்மா. சுகர் ஏறல, இறங்கிப் போச்சு. இந்த நேரத்துல அவங்களுக்கு சர்க்கரைதான் மருந்து."

ரப்பர்பேண்ட் எதற்கு என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துபோயிற்று. சுகர் இறங்கினால் குடிக்க அவள் எடுத்துவைத்த சர்க்கரை அது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் மாமியாரும் கொழுந்தனும் வந்து சேர்ந்தார்கள். டாக்டர் வந்து, பிழைத்துவிட்டாள், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் நினைவு திரும்பியிருக்குமா என்று சொல்ல முடியாது என்றார். மயக்கம் வரும்போது ஏதோ கேன் குடித்திருக்கிறார், லாண்டரியிலிருந்து காலி கேனைக் கொண்டுவந்து காட்டினார்கள், அதில் சர்க்கரை இல்லை, அதனால் பிரயோஜனப்படவில்லை என்றார். மாமியார் காதில் கேன் என்கிற வார்த்தை மட்டும்தான் ஏறியது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரியவள் தலைபாடாக அடித்துக்கொண்டாளே, அந்த எழவு கேன் உயிருக்கு உலை வைக்கும் என்று அப்போதே சொன்னாளே என்றார். ஆறு வருஷமாக என்னைப் பார்த்துச் சிரித்த கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு, நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும் அண்ணி என்றான். இனி அவளுக்கு வேலையும் வேண்டாம், கேனும் வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும் என்று இரண்டு பேரும் அங்கேயே முடிவு கட்டினார்கள்.

எனக்கு இனித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இனித்தது. அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் அந்த இனிப்பில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் உள்ளே கூப்பிட்டார்கள். நெற்றியில் ஐந்து தையல், கையில் டிரிப். என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"ரப்பர்பேண்ட் போட்டதைத்தான் குடிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நான்தான் மாத்தினேன்" என்றேன். "உன்னோடதைக் குடிச்சதும் நான்தான். மாட்டி வச்சதும் நான்தான்."

கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்கிறார்களாமே என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன்.

"அந்த மிஷின் முன்னாடி நிக்கறப்பதான் நான் நோயாளி இல்ல. அதையும் புடுங்கிட்டீங்கன்னா எனக்கு என்ன இருக்கு? வெளிய போய் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். கேனைக் குடித்தது, ரப்பர்பேண்டை மாற்றியது, டீயைத் தட்டிவிட்டது, எல்லாம். கேன் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்றேன். மாமியார் தன் புடவைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்தார். சின்னவள் திட்டு வாங்கக் கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் பார் என்று கொழுந்தனிடம் சொன்னார். நான் குரலை உயர்த்தி மறுபடியும் சொன்னேன். விடுங்க அண்ணி, சர்க்கரை இல்லாத கேன்தான் காரணம்னு டாக்டரே சொல்லிட்டாரே என்றான் கொழுந்தன்.

திரும்பி வந்து, நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"எப்படி நம்புவாங்க? ஆறு வருஷமா நீங்கதானே பாடம் எடுத்தீங்க. நல்லா எடுத்திருக்கீங்க." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "திரும்பப் போய் சொல்லுங்க. அவங்க நம்பற வரைக்கும் என் மூஞ்சியில முழிக்காதீங்க."

நாலு மாதம் ஆகிறது. அவள் மாடியிலேயே இருக்கிறாள், வேலைக்கு விடவில்லை. அவள் மூலையை இப்போது வேறொருத்தி பிடிக்கிறாள், உயரம் சரிப்படவில்லை. நான் தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நேற்றும் சொன்னேன். மாமியார் கேட்டுக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

"உனக்கு ரொம்ப நல்ல மனசும்மா" என்றார்.