ரெண்டு ஆள் வேலை

வன்னியபெருமாள் ஆறுமுகநேரி உப்பளத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, ஏழு வருஷத்தில் சம்பளத்தை மூன்று மடங்காக்கிக்கொண்டான். ஊரில் அவனைக் காட்டித்தான் பிள்ளைகளை வைதார்கள். அந்தப் பேச்சு வந்தாலே அவன் எழுந்து போகச் செருப்பைத் தேடுவான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

சேர்ந்தபோது அவனுக்கு இரண்டு விரல்தான் ஓடும். கொழும்புக்குப் போகும் வெங்காயம், வத்தல், கருவாட்டுக்கெல்லாம் அங்கே பில் எழுதியவர் சிவனாண்டி. முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு பில்லையும் ஆறு தடவை கையாலேயே எழுதுவார். சாப்பாட்டு நேரத்தில் பழைய இங்கிலீஷ் பேப்பரை எடுத்து, பாதி அர்த்தம் தெரியாமலே சத்தமாக வாசிப்பார். இவன் தட்டுவான்.

“ஏலே, வெரலப் பாக்காத. நான் சொல்லுதத மட்டும் கேளு.”

டைப்பிங் பரீட்சையில் லோயர் பாஸானான், சம்பளம் ஏறியது. ஹையர் பாஸானான், இன்னும் ஏறியது. சம்பளம் ஏறியவன் ஆபீஸ் முழுக்க ஊருக்குப் பேர்போன முந்திரி இனிப்பு மக்ரூன் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். இவன் முதல் மக்ரூனைச் சிவனாண்டிக்குத்தான் கொடுப்பான்.

ஆசை யாரை விட்டது? யுத்தத்தில் அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. மனைவி முத்துக்கனி முழுகாமல் இருந்தாள். மானேஜர் சம்பத்குமாரிடம் போய் நின்று இன்னும் கூட்டித் தரச் சொன்னான்.

“எதுக்குக் கூட்டணும்?” என்றார் அவர்.

சொல்வதற்கு ஆயிரம் நல்ல காரணம் இருந்தது. அந்த நேரத்தில் இவன் வாயில் வந்தது இதுதான்: “ஆறு பிரதியும் கார்பன் வச்சு ஒரே அடியில எடுத்துருவேன் சார். ரெண்டு ஆள் வேலைய ஒத்தையில பாப்பேன்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலுக்கு ஒரு குறையும் வரவில்லை, பக்கத்து நாற்காலிக்காரர் கெட்டார். மறுநாள் காலையில் சம்பளம் கூடியது. மத்தியானம் மக்ரூன் வந்தது. சாயங்காலம் சிவனாண்டியை உள்ளே கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகளுக்கென்று காகிதத்தில் மடித்து வைத்திருந்த மக்ரூனோடு அவர் படியிறங்கினார். வன்னியபெருமாள் மெஷினை விட்டுத் தலை நிமிரவில்லை.

அடுத்தவர் சோற்றில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. கூடிய சம்பளம் வேண்டாம் என்று சொல்ல மட்டும் மனசு வரவில்லை. “அந்த அண்ணாச்சி இனி எங்கன போவாரு?” என்று முத்துக்கனி கேட்டதற்கு, “எனக்கு என்ன தெரியும்?” என்று வள்ளென்று விழுந்தான். அவள் என்ன செய்தாள், பாவம்!

யுத்தம் முடிந்தது. தோணிகள் மறுபடி வரிசையாகக் கொழும்புக்குக் கிளம்ப, வேலை மலையாகக் குவிந்தது. மானேஜர் கூப்பிட்டார்.

“இன்னொரு ஆள் போட்டுடலாமா? போட்டா, ரெண்டு ஆள் வேலைக்குன்னு உனக்குக் கூட்டினதை எடுக்க வேண்டியிருக்கும். நீயே பாத்துப்பேன்னா, இன்னும் கொஞ்சம் கூட்டித் தரேன்.”

சிவனாண்டி பேர் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, “நானே பாத்துக்கிடுதேன் சார்” என்றான்.

சம்பளம் கூடினால் மக்ரூன் வாங்க வேண்டுமே! வழக்கமான கடை பூட்டிக் கிடந்ததால் மாதா கோயில் பக்கம் வேறொரு கடைக்குப் போனான். உள்ளே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் சிவனாண்டி. தலை வெளுத்துவிட்டது. பில் எழுதிய விரலெல்லாம் சீனித்தூள்.

“ஏலே பெருமாளு! மறுபடியும் கூடிட்டா?” முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணாச்சி... அன்னைக்கு மானேஜர்கிட்ட நான்...”

“தெரியும்லே. ரெண்டு ஆள் வேலைய நீ பாப்பேன்னு சொன்னத அவரு அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு. நெசமாப் பாப்பானான்னும் கேட்டாரு. பாப்பான் சார், நாந்தான வாசிச்சுப் பழக்குனேன்னுட்டு வந்தேன்.”

சொல்லிக்கொண்டே தராசில் நிறுத்ததற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டுக் கட்டினார்.

வன்னியபெருமாளுக்கு அழுகை முட்டியது. ஆள் வேண்டும், அதுவும் சிவனாண்டிதான் வேண்டும், கூட்டியதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவதாக வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தான். யாரிடமும் நிற்காமல் நேரே மானேஜர் அறைக்குள் போனான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

இவன் பொட்டலத்தைப் பிரித்து, முதல் மக்ரூனை அவரிடம் நீட்டினான்.