விலக்கு பெற்ற வண்டி

படிக்கட்டில் ஏறியதும் அந்தோணிராஜ் முதலில் செய்வது, பேருந்துக்குள் எத்தனை தலை தெரிகிறது என்று பார்ப்பதுதான். ஆள் குறைந்திருந்தால் முகம் சுருங்கிவிடும். யாராவது கீழே நின்று யோசித்துக்கொண்டிருந்தால் ஜன்னல் கம்பியைத் தட்டிக் கூவுவார். "ஏறுங்கப்பு! அம்புட்டும் காலியாத்தானே கெடக்கு!" திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் அவரைப் புதிதாகப் பார்ப்பவர்கள் போக்குவரத்துக் கழக ஊழியர் என்றே நினைக்கிறார்கள். அவரோ சிறுமலையில் வாழையும் மிளகும் போடுகிற விவசாயி.

நகரத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. மதிய வண்டியில் இறங்குவார். டீக்கடையில் ஒரு டீயை ஆற்றி ஆற்றிக் குடிப்பார். பழக்கடைப் பெண்களிடம் மலைவாழையின் அருமையைப் பற்றிப் பேசி வாங்கிக் கட்டிக்கொள்வார். சாயங்காலம் கடைசி வண்டியில் திரும்ப மலையேறுவார். தினமும் இதே பாடுதான். பைத்தியமா இந்த மனிதருக்கு என்று எனக்கும் தோன்றியிருக்கும், அந்தக் கூட்டத்துக்கு நான் போகாமல் இருந்திருந்தால்.

கூட்டம் என்றால் கூட்டமா அது! செய்தி எழுதப் போயிருந்தேன். காட்டு விலங்குகள் அடிபடாமல் இருக்க, மாலை ஆறு மணிக்குமேல் மலைச்சாலையில் எந்த வண்டியும் போகக்கூடாது என்று ஒரு வரைவு விதி வந்திருந்தது. பொதுமக்கள் கருத்தைக் கேட்டுவிட்டுத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். மேடையில் அதிகாரிகள், கீழே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள், ஓரத்தில் ஆறிப்போன போண்டா. மலையில் மற்றவர்கள், "காய் ஏத்துற லாரி விடியக்காலந்தானே போகுது, நமக்கென்ன?" என்று இருந்துவிட்டார்கள். முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக அந்தோணிராஜ் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஆட்சேபணை உண்டா என்று கேட்டதும் எழுந்தார். "இருக்குங்கம்மா. சாயங்கால பஸ்ஸை நிப்பாட்டக் கூடாது."

மேடையில் இருந்த பெண் அதிகாரி நல்ல மாதிரி. "எத்தனை பேருக்குப் பாதிப்புங்கய்யா?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்."

"உங்க ஒருத்தருக்கா? ஒருத்தருக்காக விதியை மாத்த முடியாதேய்யா. பிரசவம், பாம்புக்கடி, அந்த மாதிரி ஏதாவது..."

அந்த அம்மாள் கயிறு எடுத்துக் கொடுக்கிறார். பிடித்துக்கொண்டு ஏறிவர வேண்டியதுதானே? மனிதர் ஏறவில்லை. "அதுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் விடுவோம்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா. நான் என்னத்துக்குப் பொய் சொல்லணும்? எம் பொஞ்சாதி போய்ச் சேந்துட்டா. எம் மக அறிவுச்செல்வி இங்க டவுன்ல ஜவுளிக்கடையில பில் போடுறா. சனிக்கிழமை வேலை முடிஞ்சு அந்த பஸ்லதான் வருவா. மத்த நாளெல்லாம் நான் ஒத்தையிலதான் கெடக்கேன்."

மேடையில் யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் பேனாவைத் திறந்து, ரொம்ப நேரம் எழுதினார்.

விதி இறுதியாக வெளியானபோது அதில் ஒரு விலக்கு இருந்தது. மாலையில் மலைக்குப் போகும் ஓர் அரசுப் பேருந்தைத் தடை கட்டுப்படுத்தாது. நான் துள்ளிக் குதிக்காத குறை. அந்தோணிராஜ் அதற்கு அடுத்த வரியைக் காட்டினார். போதிய பயணிகள் இல்லாவிட்டால் விலக்கு மறுபரிசீலனை செய்யப்படும்.

"இந்தக் கடேசி வரிதான் சார் என் உசிர வாங்குது. ஆள் ஏறலைன்னா, பயன்பாடு இல்லைன்னு எழுதித் தூக்கிப்புடுவாங்க."

அன்றிலிருந்து அவரே ஏறத் தொடங்கினார்.

இதில் கொடுமை என்னவென்றால், அதற்கடுத்த மழைக்காலத்திலேயே மகளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. போனாள். அங்கிருந்து சனிக்கிழமை காலையில் கிளம்பினாலும் திண்டுக்கல் வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். இந்த வண்டி இல்லையென்றால் அவள் பேருந்து நிலையத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வந்தாள். ஈஸ்டருக்கு வரவில்லை. "வீட்டுல என்ன வெஞ்சனம்?" என்று யாராவது கேட்டால், "ஒத்த ஆளுக்கு என்னத்த வெஞ்சனம்? ஊறுகாதான்," என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். மிளகுக் கொடியைப் பற்றிக் கேட்டால் மலையுச்சி வந்துசேரும்வரை பேசக்கூடியவர், மகளைப் பற்றிக் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அடுத்த மாதம் மறுபரிசீலனை. போன சனிக்கிழமை நான் அவருக்குப் பின் இருக்கையில் இருந்தேன். வண்டி கிளம்பும் நேரத்தில் அவருடைய போன் அடித்தது.

"சொல்லுத்தா... இந்த வாரமும் டூட்டியா? சரித்தா. சாப்டியா?... ச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. பஸ்ஸு ஓடுதுத்தா. நீ எப்ப வந்தாலும் ஓடும். வைக்கட்டா?"

போனைச் சட்டைப் பையில் போட்டார். பேருந்தில் எங்களோடு சேர்த்து ஏழெட்டுப் பேர்தான். அன்றைக்கு அவர் யாரையும் கூவி அழைக்கவில்லை. கண்டக்டர் ஞானதாஸ் வந்து நின்றார்.

"சிறுமலை ரெண்டு."

ஞானதாஸ் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தார். "பாப்பாவுக்காய்யா? பொம்பளையாளுகளுக்கு இந்த வண்டியில காசே கெடையாதே. வந்தா ஓசிதானே?"

"வந்தா ஓசி. வரலைல்ல? அதான் காசு குடுக்கேன். கணக்குல ஒரு ஆளு ஏறட்டும்."

ஞானதாஸ் இரண்டு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அந்தோணிராஜ் ஜன்னலோரத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஜன்னலோர இருக்கையில் விரித்துப் போட்டார்.