ஒரே தட்டில் கொட்டிய தோட்டாக் கூடுகள்

எங்கள் அண்ணன் காளையார்கோவில் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், ஐ.டி.ஐ. சான்றிதழோடு இளவயதிலேயே வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். தங்கைகள் இருவரையும் கரையேற்றிய பிறகே தனக்கென ஒரு சட்டை எடுத்தார். இவற்றையெல்லாம் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். யாரும் எழுதாததை நான் எழுதுகிறேன்.

புஜைராவில், மலையடிவாரத்துத் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றின் பட்டறையில் அண்ணன் வேலை பார்த்தார். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைக் கழுவி, அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றித் தரும் வேலை. லீவு நாளில் முவைலாவில் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான்.

"பின்லாந்துக்காரன் கூடு ஒண்ணுக்கொண்ணு அச்சு அசல். அமெரிக்காக்காரனுது பரவால்ல, பொறுக்கி எடுக்கணும். செர்பியாக்காரனுது கனம். தண்ணி ஊத்தி எடை போட்டா தெரியும், உள்ளே எடம் கம்மி. ப்ராக்டீஸுக்கு ஆகும்."

"எல்லாம் பித்தளைதானே மச்சான், குத்துவிளக்கா வாங்குறீங்க?" என்று என் கணவர் சீண்டுவார்.

"குத்துவிளக்கு மூஞ்சில வெடிக்காது மாப்ளே."

இடம் குறைந்த கூட்டில் அதே அளவு மருந்தை இட்டால் அழுத்தம் ஏறும், குண்டு விலகும், துப்பாக்கியே சிக்கிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு நாட்டுக் கூட்டுக்கும் தனித் தட்டு. அது அண்ணனின் சட்டம். அந்த மேசைக்கு உதவியாக நம் சித்தப்பா மகனை விசா எடுத்து வரவழைத்தவரும் அவரே. ஒரே ரூம், ஒரே சோற்றுப்பானை.

போட்டிக்கு முந்தைய நாள், அண்ணன் வெளியே போயிருந்த நேரத்தில், பின்லாந்துக் கூடுகள் போதவில்லை. சித்தப்பா மகன் செர்பியக் கூடுகளை அதே தட்டில் கொட்டி நிரப்பிவிட்டார். திரும்பி வந்த அண்ணன், தம்பி அடுக்கியது என்ற நம்பிக்கையில் மருந்து ஏற்றினார். மறுநாள் குண்டுகள் திசைக்கொன்றாய்ப் போயின. ஒருவரின் துப்பாக்கி இறுகி, சுத்தியலால் தட்டித் திறக்க வேண்டியதாயிற்று. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் காயமில்லை.

"தட்டைக் கலந்தது நானில்லை" என்றார் அண்ணன். மேலாளர் சித்தப்பா மகனைப் பார்த்து, "போலோ பாய்" என்று இந்தியில் சொல்லச் சொன்னார். அவர் தரையைப் பார்த்தபடி, "அண்ணன்தான்" என்றார். கலாஸ், அண்ணனின் வேலை அதோடு முடிந்தது.

ஊகித்து எழுதவில்லை. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "வேலை போயிரும்னு பயந்துட்டேங்க்கா" என்று அவரே அழுதார். அழுதுவிட்டு அதே மேசைக்குத் திரும்பிப் போனார். அண்ணனோ அல் கூஸ் கிடங்கில் அட்டைப்பெட்டி சுமந்தார். கவனமில்லாதவர் என்ற பெயர் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அந்த நெஞ்சுதான் கடைசியில் நின்றது.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் பார்க்க வந்த அந்தத் தம்பியிடம் அவர் கேட்டது ஒன்றே: "இப்பவாவது தனித்தனியா வைக்கிறியாடா?"

"வைக்கிறேண்ணே."

"அது போதும். எவனுக்காவது கண்ணு போயிரும்டா."

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுவரும் காகிதங்களுக்கு அலைந்த முவைலா நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்த அல் கூஸ் தொழிலாளர் கேம்ப் பிள்ளைகளுக்கும், ஊரில் பந்தல் போட்டு எங்களைத் தாங்கிய உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. விமானத்தில் கூடவே வந்து, பெட்டியின் தலைமாட்டைத் தோளில் சுமந்த சித்தப்பா மகனுக்கும் நன்றி. கலந்தது யாரென்று மேலாளரிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.