அடுத்த வண்டியில் வருகிறவர்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். அந்த வருஷம் ஆவணியில் எனக்கு முப்பது வயது முடிந்தது. கல்யாணம் ஆகவில்லை. இன்றைக்கு இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு முப்பது வயதில் கழுத்தில் தாலி இல்லை என்றால், தண்ணீர் பிடிக்கப் போகும் இடத்தில் அதைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

சொந்த ஊர் மோகனூர். அப்பா நான் டிரெயினிங் படிக்கும்போதே போய்விட்டார். அண்ணன் மாப்பிள்ளை பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று சில வருஷம் சொன்னார். என் சம்பளம் மாதாமாதம் வீட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு மெல்ல ஆறிப்போனது. அவரைத் திட்ட எனக்கு மனசில்லை. நாலு பிள்ளைகள், மழையை நம்பி விதைக்கிற காடு. நானும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

அம்மா இருந்தவரைக்கும் என் நட்சத்திரம் வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே ஒரு தபால் கார்டு வந்துவிடும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. யாரையாவது பிடித்து எழுதச் சொல்லுவாள். ‘தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போ, பாயசம் வைத்துச் சாப்பிடு’ என்று இரண்டே வரி. அம்மா போன பிறகு கார்டும் நின்றுவிட்டது. முதல் வருஷம் பாயசம் வைத்தேன். ஒரே ஆளுக்கு எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் பாதியை மறுநாள் கொட்டினேன். அடுத்த வருஷம் வைக்கவில்லை.

மூன்றாவது வருஷம் எனக்கு வீம்பு வந்தது. சூரமங்கலத்தில் ஜங்ஷன் பக்கம் அப்போது ஒரு பெரிய ஓட்டல் இருந்தது. பளிங்குக்கல் மேஜை, தலைக்கு மேலே மின்விசிறி, சுவரில் ஆளுயரக் கண்ணாடி, வெள்ளி டம்ளரில் தண்ணீர். வக்கீல்களும் ரயில்வே அதிகாரிகளும் போகிற இடம். ஊருக்குப் போக ஜங்ஷன் பக்கம் வரும்போதெல்லாம் வாசலில் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கி உள்ளே பார்த்துவிட்டுப் போவேன். அங்கே ஸ்பெஷல் சாப்பாடு என்று ஒன்று உண்டு. விலையைக் கேட்டால் நம்மைப் போன்றவர்கள் அப்படியே திரும்பி நடக்க வேண்டியதுதான். நான் நடக்கவில்லை. மூன்று மாதம் காலைக் காப்பியை நிறுத்தினேன். பஸ்ஸுக்குப் போக, ஒரு சாப்பாட்டுக்குத் தேறியது. ஒன்றே ஒன்றுக்குத்தான்.

பிறந்த நாள் ஒரு சனிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. இருந்ததில் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது கரியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறினேன். இறங்கும்போது தோளில் கரித்தூள் ஒட்டியிருந்தது. அதைத் தட்டித் தட்டி இன்னும் கொஞ்சம் பரப்பிவிட்டேன்.

ஓட்டல் வாசலில் ‘பெண்களுக்குத் தனி அறை உண்டு’ என்று போர்டு தொங்கியது. அந்தப் போர்டை நம்பித்தான் வந்திருந்தேன். கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். “கூட ஆருங்க வந்திருக்காங்க?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனி அறை பெண்களுக்குத்தான், தனியாக வரும் பெண்களுக்கு அல்ல. பட்டாளத்துக்காரர்கள் நடமாடுகிற ஜங்ஷன் பக்கம், பட்டப்பகலில் ஒற்றையாக ஓட்டலுக்கு வந்த பெண்ணை என்னவென்று நினைப்பார்கள்? போதாததற்குப் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. நாலு பேர் காதில் விழுந்தால் வேலைக்கே உலை. திரும்பிப் போயிருக்கலாம். மூன்று மாதக் காப்பி என்னைத் திரும்பவிடவில்லை.

“ஊட்டுக்காரர் ஈரோட்டு வண்டியில வாராருங்க. என்னை முன்னால போயி உக்காரச் சொன்னாருங்க” என்றேன்.

எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் நான். தாலி இல்லாதது தெரியாமல் இருக்க முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அறை என்பது மரத்தடுப்பும் ஒரு திரைச்சீலையும்தான். உள்ளே நான் மட்டுமே. பரிமாறுகிறவர் வந்தார். ஒல்லியான மனிதர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். மேஜையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு இலை போட்டார். இரண்டிலும் தண்ணீர் தெளித்தார். டம்ளர் வைக்கும்போது கொஞ்சம் தண்ணீர் சிந்தித் தரையில் ஓடியது. குனிந்து, “காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்கம்மா” என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போனார்.

போனவர் வரவே இல்லை. வெளியே எல்லாருக்கும் பரிமாறும் சத்தம் கேட்கிறது. வடை பொரிகிற வாசனை திரையைத் தாண்டி வருகிறது. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, வயிற்றை வேண்டுமென்றே காயப்போட்டுக்கொண்டு வந்தவள் நான். கொஞ்ச நேரம் கழித்துத் திரையை விலக்கி அவரைக் கூப்பிட்டு, சாப்பாடு கொண்டுவரலாம் என்றேன்.

“ஐயா வந்துரட்டுங்கம்மா. வண்டி வார நேரந்தான்” என்றார் அவர், மிகுந்த மரியாதையாக.

என் முட்டாள்தனம் அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. புருஷன் வருகிறான் என்று சொல்லிவிட்ட பிறகு, அவன் வராமல் பெண்டாட்டி எப்படி இலையில் கை வைப்பாள்? எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் நடக்காத காரியம். அம்மா ஒருநாளும் அப்பாவுக்கு முன்னால் சாப்பிட்டதில்லை. உள்ளே நுழைவதற்காக நானே ஒரு புருஷனை உண்டாக்கினேன். இப்போது அவன் வந்தால்தான் எனக்குச் சோறு.

உண்மையைச் சொன்னால் கல்லாக்காரர் முன்னால் மானம் போகும். அவசரப்பட்டுச் சாப்பிட்டால் அடக்கமில்லாத பெண்டாட்டி. எழுந்து போனால், இலை போட வைத்துவிட்டு ஓடினவள். இரண்டு இலைக்கும் பணம் கேட்டால் என்னிடம் இல்லை. உட்கார்ந்துகொண்டே இருந்தேன்.

எதிரிலிருந்த காலி இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மின்விசிறிக் காற்றில் அதன் நுனி எழுந்து எழுந்து விழுந்தது. பறந்துவிடாமல் கையை நீட்டி, எதிர்ப்பக்கத்து டம்ளரை அதன்மேல் வைத்தேன். வைத்த பிறகு என் மேலேயே எனக்கு இரக்கம் வந்துவிட்டது. அதைவிட வேடிக்கை, வராத அந்த மனுஷன் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பொண்டாட்டியைப் பசியோடு உட்கார வைத்துவிட்டு இவ்வளவு நேரமா?

பரிமாறுகிறவர் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். “இன்னிக்கு எனக்குப் பொறந்த நாளுங்க” என்று மட்டும் சொன்னேன். அதை ஏன் அவரிடம் சொன்னேன் என்றால், அன்றைக்குக் காலையிலிருந்து அதைச் சொல்ல எனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் ஈரோட்டு வண்டி ஊதுகிற சத்தம் கேட்டது. ஜங்ஷனில் நின்றது, மறுபடி ஊதியது, போயேவிட்டது. வெளியே புது ஆட்கள் வந்து உட்காரும் சத்தம். இனி என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திரை விலகியது. அவர்தான். கையில் ஒன்றும் இல்லை. கல்லாவுக்கும் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னார்:

“அம்மா, ஐயா இந்த வண்டிக்கு வரலீங்களாம். திடீர்னு வேலை வந்துபோச்சாம், அடுத்த வண்டிக்குத்தான் வாராராம். ரயில் கார்டுகிட்டச் சேதி சொல்லி அனுப்பியிருக்காருங்க. பொறந்த நாளும் அதுவுமாப் பசியோட உக்காந்திருக்க வேண்டாம், சாப்பிடச் சொல்லுன்னாராம்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு நொடி நான் நம்பிவிட்டேன். எனக்கு ஒருவர் இருக்கிறார், எங்கேயோ வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார், அங்கிருந்தும் நான் சாப்பிட்டேனா என்று கவலைப்படுகிறார் என்று நெஞ்சு துள்ளிவிட்டது. அடுத்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு, கேலி, இரக்கம் எதுவுமே இல்லை. சேதி கொண்டுவந்த ஆள் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். நான், “சரிங்க” என்றேன்.

வாழைக்காய் வறுவல், அவியல், வடை, அப்பளம், உருக்கின நெய் என்று ஒவ்வொன்றாக வந்தது. எதிர் இலையை மடித்து எடுத்துக்கொண்டுபோய்விடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கடைசியாகச் சேமியா பாயசம் கொண்டுவந்தார். எனக்கு ஒரு கிண்ணம் வைத்தார். எதிர் இலைமேல் இன்னொரு கிண்ணம் வைத்தார். பிறகு அதையும் எடுத்து என் பக்கம் நகர்த்தி, “ஐயா பங்கையும் உங்களுக்கே குடுக்கச் சொன்னாருங்க” என்றார். இரண்டையும் குடித்தேன். கண்ணீர் விழுந்ததா என்று கேட்டால், விழுந்தது. அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவே இல்லை.

கிளம்பும்போது அவர் கல்லாவைப் பார்த்து, “ஸ்பெஷல் ஒண்ணு” என்று குரல் கொடுத்தார். கல்லாக்காரர் காசை வாங்கிக்கொண்டு, ஐயா வரவில்லையா என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது: “அடுத்த வண்டிக்கு வாராருங்க.”

செவ்வாய்ப்பேட்டையில் நான் குடியிருந்த அறைக்குத் திரும்பிப் புடவை மாற்றும்போதுதான் என் காலைப் பார்த்தேன். கழுத்தை அத்தனை பத்திரமாகப் போர்த்திக்கொண்டு போனவள் காலை மறந்துவிட்டேன். கல்யாணமான பெண் என்றால் கால் விரலில் மெட்டி இருக்கும். தண்ணீர் துடைக்கக் குனிந்தபோதே அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். தெரிந்துகொண்டும் ஏன் என்னை அவ்வளவு நேரம் காக்க வைத்தார் என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால், ஈரோட்டு வண்டி வந்து போகாமல் ஈரோட்டுச் சேதி எப்படி வரும்? கல்லாக்காரர் நம்ப வேண்டாமா? பொய்யை அரைகுறையாகச் சொன்னவள் நான். அதை ஒழுங்காக முடித்துவைத்தவர் அவர்.

அந்த ஓட்டலுக்கு நான் மறுபடி போகவில்லை. போனால் ஐயாவைக் கேட்பார்களே. நன்றியும் சொல்லவில்லை. எதற்கு நன்றி என்று சொல்லுவது?

இரண்டு வருஷம் கழித்து ஆடித் திருவிழாக் கூட்டத்தில், செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் அவரை எதிரே பார்த்தேன். கூட அவர் மனைவி இருந்தாள். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அதற்குள் அவர் கும்பிட்டுவிட்டார்.

“ஐயா சௌக்கியங்களாம்மா?” என்று கேட்டார்.

“சௌக்கியந்தானுங்க” என்றேன்.

தாண்டிப் போகும்போது, யாரென்று மனைவி கேட்பதும் அவர் சொல்வதும் என் காதில் விழுந்தது. “நம்ம ஓட்டலுக்கு வந்த அம்மா. அவங்க ஐயாவுக்கு ரயில்வேல பெரிய வேலை. ஊடு தங்கவே நேரமில்லாத மனுஷன்.”

நான்கூட அந்த ஐயாவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கவில்லை. தெருவில் நின்று சிரித்தேன். வெகுநாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆகவே இல்லை. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அந்த ஓட்டலும் இப்போது இல்லை. எழுபது தாண்டிய பிறகும், ஆவணியில் என் நட்சத்திரத்தன்று பாயசம் வைக்கிறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வைப்பது என்ற குழப்பம் இப்போது இல்லை. இரண்டு பேருக்கு வைத்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, இரண்டையும் நானே குடிக்கிறேன். அம்மாவின் கார்டு நின்றுபோன பிறகு, ‘சாப்பிடு’ என்று எனக்காக வந்த ஒரே சேதி அன்றைக்கு வந்ததுதான். அதை அனுப்பியவர் யாரும் இல்லை என்று தெரிந்தும், அது பொய் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை.