சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய விளக்குகள்

எர்த் வயரை வெட்டிப்போட்டுவிட்டு "இப்ப பாரு, ட்ரிப்பே ஆவல" என்று பல்லைக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம்கூட ஓசூரில், எங்கள் கம்பெனியில் ஒருவரைப் பார்த்து எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். மேடத்துக்கு என்ன ஆச்சு என்று பேசிக்கொண்டார்களாம். ஆனது இன்றைக்கு அல்ல, ஒன்பது வயதில்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, கெலமங்கலத்தில் மைக் செட்டும் லைட்டும் வாடகைக்கு விடுகிறவர். ஆனேக்கல் பக்கம் மூடிப்போன ஒரு நாடகக் கம்பெனியிடம் எட்டு பழைய ஃபோகஸ் லைட் வாங்கி வந்திருந்தார். கனத்த இரும்புப் பெட்டிகள். எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு அவைதான் வருவதாக ஏற்பாடு. விழாவில் நான் மயில். மயில் வரும்போது இரண்டு விளக்கில் நீலத் தாள் கட்டி அடிப்பார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த நீல வெளிச்சத்துக்காகவே ஒரு மாதமாகச் சோறு தண்ணி மறந்து ஆடிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்யும் இடத்தில் கேட்டு, மெகர் என்ற கருவியை வாங்கிவந்து மாமாவின் கடை வாசலில் உட்கார்ந்தார். வயரிலிருந்து இரும்புப் பெட்டிக்குக் கரண்ட் கசிகிறதா என்று காட்டும் கருவி அது. ஐந்து விளக்கில் கசிந்தது. திறந்து பார்த்தால் வயரின் தோல் சூட்டில் வெந்து, தொட்டாலே அப்பளமாக நொறுங்கியது. போதாததற்கு எட்டுப் பிளக்கிலும் எர்த் வயரே இல்லை.

"எர்த் குடுத்தா போற எடமெல்லாம் ட்ரிப் ஆயி கரண்டே நின்னு போவுது மாப்ளே. அதான் வெட்டிட்டேன்" என்றார் மாமா.

"பொட்டிக்குக் கரண்ட் வருதுன்னு அது கத்துது மச்சான். நீங்க அதோட வாயப் பொத்தி வெச்சிருக்கீங்க."

"ஏனூ ஆகல்ல மாப்ளே, ஒண்ணும் ஆவாது! இருவது வருசமா லைட்டு தொடறவன் நானு."

அப்பா மூன்று விளக்குக்குப் புது எர்த் வயர் போட்டுக் கொடுத்தார். மற்ற ஐந்திலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். நேரம் கிடைத்தால் வந்து சரிபண்ணுவதாகவும், சரியானதில் தானே ஸ்டிக்கரை எடுத்துவிடுவதாகவும் சொன்னார். தலைமையாசிரியையிடமும், சிவப்பு ஒட்டிய விளக்கைப் பள்ளிக்குள் விடாதீர்கள் என்று சொல்லிவைத்தார். நாலு பேர் பார்க்க எங்கண்ணன் மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஸ்டிக்கரோடு நிறுத்தினாரே, அதுதான் அப்பா மேல் எனக்கு ஆறாத கோபம். இன்று என் வேலையில், சோதனையில் தேறாத கருவியின் பிளக்கை நான் அங்கேயே வெட்டி எடுத்துவிடுவேன். மச்சான் முகம் வாடுமே என்று அவர் வெட்டவில்லை. அப்புறம் ஓவர்டைம் வந்தது, சரிபண்ணவும் போகவில்லை.

மூன்று விளக்கு மேடைக்கே பற்றாது, நீலத்தை மறந்துவிடு என்றார் டீச்சர். மாமாதான் எதற்கும் பயப்படாதவர், தலைமையாசிரியை கண்ணில் சிவப்பு படாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். பள்ளி விட்டதும் மாமா கடைக்குள் புகுந்து, இரண்டு விளக்கின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிச் சாக்கடையில் போட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விழா அன்று மதியம் தூசு அடங்க மேடையைச் சுற்றித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மாமா ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று, எரிந்துகொண்டிருந்த நீல விளக்கைத் திருப்பப் பெட்டியைப் பிடித்தார். பிடித்த கை வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தமில்லை. பள்ளியில் இருந்தது பழைய பியூஸ், அதுவும் போகவில்லை. வாட்ச்மேன் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கும்வரை, மயில் தோகை கட்டிக்கொண்டு நான் மரம்போல நின்றேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அப்பா வந்ததும் கட்டில் பக்கத்திலேயே கத்தினார்.

"தலபாடா அடிச்சுக்கிட்டேனே, தொடாதீங்கன்னு!"

"அதுல ஸ்டிக்கர் இல்ல மாப்ளே. நீங்க வந்து சரிபண்ணிட்டுப் போயிருக்கீங்கன்னு நம்பித்தான் எடுத்தேன்."

"செய்யறதையும் செஞ்சுட்டு, பொய் வேறயா?"

அம்மாகூட அண்ணனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை வீம்பு பேசினவர் திட்டு வாங்குவது சரிதானே என்று எனக்குப் பட்டது. சிவப்பு ஒட்டியிருந்த மற்ற மூன்றும் கடையிலேயே கிடந்தன. அவற்றை அவர் தொடக்கூட இல்லை. அதைக் கவனிக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டு அழுதார். விரல் ரொம்ப வலிக்கிறது போலிருக்கிறது என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.